முட்டை முற்றுவதற்கு முன்

பூனைக்குட்டியின் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டால், அலோர்ஸ்டார் மெர்கோங்கின் தாமான் வீடானாலும் சரி, பீடோங் பக்கத்துத் தோட்டத்து வீடானாலும் சரி, பெரும்பாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். ஒரு வாளித் தண்ணீரில் பிளீச் கலந்து தரை முழுக்க ஊற்றுகிறோம். வாசலில் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் லோங்காங்கில் தள்ளுகிறோம். வீடெங்கும் நெடி ஏறுகிறது. அந்த நெடியையே சுத்தம் என்று நம்பி நிம்மதி அடைகிறோம். சில வாரங்களில் குட்டிக்கு மறுபடி வயிறு உப்புகிறது, மறுபடி கழிச்சல், மறுபடி மருந்து. மருந்து சரியில்லை என்று ஒருவர் சொல்ல, இந்த வீட்டுக்குப் பூனையே ஆகாது என்று இன்னொருவர் முடிக்கிறார். உழைப்பில் குறை இல்லை. உழைப்பு போன திசையில்தான் குறை. குடல் ஒட்டுண்ணி உள்ள வீட்டில் முடிவைத் தீர்மானிப்பது, எந்தத் திரவத்தை ஊற்றினோம் என்பதைவிட, கழிவு எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே. இதற்கான சான்றுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றில் சில மலாயாத் தோட்டங்களில், நம் முன்னோரின் உடலிலிருந்து சேர்ந்தவை.

பூனைக்குட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் புழுவிலிருந்து தொடங்கலாம். டாக்சோகாரா காட்டி என்ற உருண்டைப் புழு அது. வாந்தியில் சில சமயம் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு விழுவது அதுதான். பெண் புழு ஒன்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். முட்டை ஒன்றின் அகலம் ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குட்டியின் கழிவோடு வெளியே விழும் அந்த நேரத்தில் அந்த முட்டை யாருக்கும் நோய் தராது. அதற்குள் இருப்பது ஒற்றைச் செல். அது பிரிந்து வளர்ந்து, உள்ளுக்குள்ளேயே தொற்றவல்ல புழுக்குஞ்சாக உருவெடுத்தால்தான் இன்னொரு உடலுக்குள் பிழைக்கும். அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், கதகதப்பு வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் போதும். குளிர் நாடுகளில் மாதக் கணக்கில் ஆகும். பத்து பாகை செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போகிறது. ஆக, ஐரோப்பியப் புத்தகம் ஒன்று தரும் தாராளமான அவகாசம் கெடாவில் இல்லை. அதே சமயம், இன்று காலை விழுந்த கழிவை இன்று மாலைக்குள் எடுத்துவிடுகிறவருக்கு அந்தக் கழிவிலுள்ள முட்டைகளைப் பற்றிப் பயப்பட எதுவும் இல்லை. முற்றிய பிறகு நிலைமை தலைகீழ். மண்ணில் புதைந்த முட்டை ஆண்டுக் கணக்கில் உயிரோடு காத்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முற்றினால் என்ன, பிளீச் ஊற்றினால் செத்துவிடாதா? கிருமிகளையே கொல்லும் திரவம் ஒரு முட்டையைக் கொல்லாதா? கொல்லாது. இந்த முட்டையின் ஓடு பல அடுக்குகளால் ஆனது. வெளியே பசைபோல் ஒட்டும் புரதப் படலம், நடுவே உறுதியான கைட்டின், உள்ளே கொழுப்புப் படலம். பிளீச் செய்வது வெளிப்புறப் பசையைக் கரைப்பதோடு சரி. ஒட்டும் தன்மை குறைவதால் தரையிலிருந்து முட்டையைத் துடைத்தெடுப்பது எளிதாகும், அந்த அளவுக்கு அது பயன்படும். உள்ளே இருக்கும் உயிர் அப்படியே இருக்கும். உண்மையில், ஆய்வுக்கூடங்களில் இந்த முட்டைகளின் வெளிப்படலத்தை உரிப்பதற்கே பிளீச்சைப் பயன்படுத்துகிறார்கள். உரித்த முட்டையிலிருந்து புழுக்குஞ்சு நலமாகவே வெளிவருகிறது. போதாததற்கு, கழிவின் மேலேயே ஊற்றினால் பிளீச்சின் குளோரின் அந்தக் கழிவோடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துபோகிறது. பூனைச் சிறுநீர் கிடந்த இடத்தில் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் என்ற நச்சு வாயு எழும். அடைத்த குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். டெட்டோல் வகைத் திரவங்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அவற்றில் உள்ள ஃபீனால் சார்ந்த பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதி ஒன்று மனிதக் கல்லீரலில் உண்டு, நாய்க்கும் உண்டு. பூனைக் குலத்தில் அந்த நொதிக்கான மரபணு பழுதாகிச் செயலிழந்து கிடக்கிறது. ஈரத் தரையில் நடந்து பிறகு பாதத்தை நக்கும் ஒரு கிலோ எடைகூட இல்லாத குட்டிக்கு, அதைக் காப்பாற்ற ஊற்றிய திரவமே நஞ்சாகிவிடும். தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுக்கும் திரவம் எதையும் பூனை உள்ள வீட்டில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

எல்லா ஒட்டுண்ணிக்கும் ஒரே அவகாசம் இல்லை என்பதால்தான் பெயர் தெரிவது முக்கியமாகிறது. மூளையிலும் கண்ணிலும் நோய் உண்டாக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம். 1908இல் துனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கில் கண்டறியப்பட்ட இது எந்தெந்த வழியாகப் பரவுகிறது என்பது அறுபது ஆண்டுகளுக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. பூனையின் குடலில்தான் அது முழு வளர்ச்சி பெறுகிறது என்று 1970 வாக்கில் உறுதியானபோது கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று அஞ்சிக் கருவுற்ற பெண்கள் பலர் பூனையை வெளியேற்றத் தொடங்கினார்கள். ஆனால் அதே ஆய்வுகள் சொன்ன மற்றொரு செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. முதன்முறை தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மட்டுமே அந்த ஒட்டுண்ணியின் கூடுகளை, அதாவது முட்டைபோல் ஓடு மூடிய அதன் நிலையை, கழிவில் வெளியிடுகிறது. வெளியே வந்த கூடு தொற்றும் நிலைக்கு முற்ற ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகிறது. நாள்தோறும் கழிவை எடுக்கும் வீட்டில், அதுவும் கருவுற்றவர் அல்லாத வேறொருவர் எடுக்கும் வீட்டில், அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும் காக்சிடியா வகைகளும் இப்படித்தான், ஆனால் அவற்றின் அவகாசம் இன்னும் குறுகியது. வெப்பநாட்டில் ஓரிரு நாளில் முற்றிவிடும். அவையும் பிளீச்சுக்கு அசையாதவை. கொதிநீரும் நீராவியும்தான் அவற்றைத் தீர்க்கும். ஆறுதல் என்னவென்றால், அவை மனிதரைத் தொற்றுவதில்லை.

இந்த வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைத்தால் வாதமே நேர்மையற்றதாகிவிடும். ஜியார்டியாவுக்கு அவகாசமே கிடையாது. 1681இல் லீவன்ஹுக் தன் கழிச்சலைத் தானே நுண்ணோக்கியில் பார்த்து முதன்முதலில் விவரித்த இந்த உயிரி, கூடு கட்டிய நிலையில் வெளியே வருகிற கணமே தொற்றத் தயாராக இருக்கிறது. 1954இல் அமெரிக்கச் சிறைவாசிகளிடம் நடந்த ஆய்வில், பத்தே பத்துக் கூடுகளை விழுங்கியதே தொற்றுக்குப் போதுமானதாக இருந்தது. பூனையில் காணப்படும் ஜியார்டியா பெரும்பாலும் பூனைக்கே உரிய வகை. மனிதரையும் பிடிக்கும் வகைகள் சில சமயம் வருவதுண்டு. இங்கே நேரம் உதவாது என்றால் எது உதவும்? வறட்சி உதவும். குளிர்ந்த ஈரத்தில் வாரக் கணக்கில் வாழும் அந்தக் கூடு, நன்றாகக் காய்ந்த தரையில் விரைவில் செத்துவிடுகிறது. சோப்பு நீரில் கழுவி, நாலாந்தர அம்மோனியச் சேர்மம் கொண்ட கிருமிநாசினியால் துடைத்து, அதை நன்றாக அலசி, பிறகு காயவிட வேண்டும். குட்டியின் வாலடி மயிரில் ஒட்டியிருக்கும் கூடுகளை அது நக்கி விழுங்கித் தானே மறுபடி தொற்றிக்கொள்வதால், மருந்து முடியும் நாளில் பின்புறத்தைக் கழுவி உலர்த்துவதும் சிகிச்சையில் சேர்த்தி. மறுபக்கம், டிரைட்ரைக்கோமோனாஸ் என்ற கழிச்சல் உயிரிக்குக் கூடே கிடையாது. காய்ந்தால் போயிற்று, அதற்காக வீட்டைத் தேய்த்துக் கழுவுவது வீண். அரிசிமணி மாதிரி துண்டு துண்டாக விழும் நாடாப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாகவே பரவுகிறது. தெள்ளை ஒழிக்காமல் தரையைக் கழுவிக்கொண்டே இருப்பவர் ஆண்டு முழுக்கக் கழுவிக்கொண்டே இருப்பார்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் வழக்கத்தில் மாற்ற வேண்டிய முதல் பழக்கம் குழாய்தான். கார் நிற்கும் வாசலில் பூனை இருந்துவைத்ததைத் தண்ணீரைப் பாய்ச்சி லோங்காங்கில் தள்ளுவது பார்வைக்குச் சுத்தம். நடப்பதோ வேறு. ஒரு கைப்பிடி இடத்தில் இருந்த முட்டைகள் வாசல் முழுக்கவும், பூந்தொட்டி அடியிலும், ஓடு இணையும் கோடுகளிலும் பரவி, அவை வளரத் தேவையான ஈரத்தையும் நம் கையாலேயே பெற்றுக்கொள்கின்றன. லோங்காங்கில் தேங்கும் நீர் ஜியார்டியாவுக்குப் பிடித்த இடம். ஆகவே முதலில் உலர்வேலை, அப்புறம்தான் ஈரவேலை. பழைய செய்தித்தாளாலோ கையுறை போட்ட கையாலோ கழிவை முழுமையாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்கும் வெண்டைப் பாத்திக்கும் அதை உரமாக்கக் கூடாது. பூனைக் கழிவு உள்ள மண்ணில் விளைந்த கீரையைப் பச்சையாகத் தின்பதும் ஒரு தொற்றுவழி. எடுத்த இடத்தைச் சோப்பு நீரால் தேய்த்து, தாங்கக்கூடிய தரையானால் கொதிநீர் ஊற்றலாம். அறுபது பாகைக்கு மேல் இந்த முட்டைகள் சில நிமிடங்களில் சாகின்றன, கொதிநீரில் உடனடியாக. குட்டி கழிக்கும் மண் தட்டையும் கொதிநீரில் அலசி வெயிலில் கவிழ்க்க வேண்டும். இரண்டு தட்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று உழைக்கும். குட்டி படுக்கும் துணியைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் விரிக்க வேண்டும். வெயில் என்று வரும்போது கெடா கொடுத்துவைத்த மாநிலம். சனவரி முதல் மார்ச் வரை மழை ஒதுங்கி, சிமெண்டுத் தரை சுடும் காலம் நமக்கு உண்டு. ஆனால் மழைமாதங்களில், சுவரோரப் பாசி பச்சையாக இருக்கும் நாள்களில், வெயிலை நம்பி இருக்க முடியாது. அப்போது அடுப்பில் வைக்கும் வெந்நீர்தான் துணை.

மண்ணைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1890களின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்த நீரைக் கையாளும்போது சில துளி அவர் கைமேல் சிந்தியது. தோல் எரிந்து சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தோன்றின. வாய் வழியாக மட்டுமே புழு நுழையும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வெறுங்காலின் தோலே வாசல் என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. ரப்பர் மரத்தடியில் வெறுங்காலோடு பால்வெட்டப் போன தமிழர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு நேரடியானது என்று சொல்லத் தேவையில்லை. சோகை பிடித்து, மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் சோம்பேறி என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேரின் குடலில் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது அந்தப் புழு. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு ஒன்று சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜித் தீவுகளில் இதை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1920இல் வெளியானது. டார்லிங் செய்த புதுமை எளியது, ஆழமானது. ஒருவருக்குப் புழு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்காமல், மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை எண்ணச் செய்தார். தொற்று பலரிடம் இருந்தாலும் அவர்களை நோயாளியாக்குவது புழுவின் எண்ணிக்கைதான் என்று அந்தக் கணக்கு காட்டியது.

அது மனிதக் கொக்கிப்புழு, பூனைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதே லூஸ் 1911இல் இலங்கையிலிருந்து வந்த ஒரு புனுகுப் பூனையின் குடலில் புதிய கொக்கிப்புழு ஒன்றைக் கண்டு, அந்நாட்டின் பெயரால் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். நெடுங்காலம் அது விலங்குப் புழு, மனிதரிடம் அரிது என்றே கருதப்பட்டது. மரபணுச் சோதனை வந்த பிறகு படம் மாறியது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் கிராமப்புறங்களில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கிப்புழு இருந்த மனிதர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரிடம் இந்தப் புழு இருந்தது. அதே ஊர்களின் நாய்களிடமும் பூனைகளிடமும் இருந்தது. இன்று தென்கிழக்காசியாவில் மனிதரைத் தொற்றும் கொக்கிப்புழுக்களில் இரண்டாம் இடம் இதற்குத்தான். இதன் அவகாசம் உருண்டைப் புழுவைவிடக் குறைவு. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, ஒரு வார அளவில் தோலைத் துளைக்கும் குஞ்சாகிவிடும். நிழலும் ஈரமும் உள்ள மண் அதற்கு வேண்டும். காய்ந்த வெயில்தரையில் அது மடிந்துபோகும். பூனைக்குக் கழிப்பிடமாகிவிட்ட வாழையடி மண்ணில் வெறுங்காலோடு நிற்பது, நூறு ஆண்டுக்கு முந்தைய தோட்டத்து ஆபத்தின் சிறிய பதிப்பு.

எதிர்வாதங்களில் வலுவானது இது: மெர்கோங் தெருக்களில் சுற்றும் ஊர்ப்பூனைகளுக்குக் கணக்கில்லை, சாப்பாட்டுக் கடைப் பின்புறமும் பாசாரும் அவற்றின் வீடு, என் வாசலை மட்டும் நான் துடைத்து என்ன பயன்? முட்டை ஒன்றுகூட இல்லாத வீடுதான் குறி என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் குறி அதுவல்ல. டார்லிங்கின் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. ஐந்து புழு உள்ள குட்டி வளர்ந்துவிடும். ஐம்பது புழு உள்ள குட்டியின் குடல் அடைத்துப் போகலாம். வெளியிலிருந்து வரும் சிலவற்றை நம்மால் தடுக்க முடியாது. வீட்டுக்குள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சேர்வதை நிச்சயம் தடுக்க முடியும். குட்டி கழிக்கும் இடத்துக்கும் உண்ணும் இடத்துக்கும் இடையே தூரம் வைப்பது, பூந்தொட்டி மண்ணின் மேல் கூழாங்கல் பரப்புவது, பிள்ளைகள் விளையாடும் மணலை இரவில் மூடிவைப்பது எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும் செயல்களே.

மருந்து கொடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு இத்தனை பாடு என்பது இன்னொரு எதிர்வாதம். பூச்சி மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லும். வெளியே விழுந்துவிட்ட முட்டையை அது தொடாது, திசுக்களில் திரியும் குஞ்சுகளையும் பெரும்பாலும் எட்டாது. ஸ்ப்ரென்ட் என்ற ஆய்வாளர் 1956இல் விவரித்தபடி, பூனை விழுங்கிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு நேரே குடலில் தங்குவதில்லை. கல்லீரல், நுரையீரல் வழியாகச் சுற்றி வந்துதான் குடலில் வளர்கிறது. 1971இல் இன்னொரு வழியும் தெரிந்தது. தாய்ப்பூனையின் பால் வழியாகவே குஞ்சுகள் குட்டிக்குப் போகின்றன, குறிப்பாகத் தாய்க்குக் கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் புதிதாகத் தொற்றியிருந்தால். அப்படித் தொற்றிய குட்டியின் புழு முட்டையிட ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். அதற்குள் செய்யும் மலச்சோதனை ஒன்றும் இல்லை என்றே காட்டும். அதனால்தான் ஒட்டுண்ணி வல்லுநர்கள் மூன்று வார வயதிலேயே தொடங்கி, பால் மறந்த பின் இரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒருமுறையும் மருந்து தரச் சொல்கிறார்கள், பாலூட்டும் தாய்க்கும் சேர்த்து. தரையும் மருந்தும் ஒரே வேளையில் நடந்தால்தான் சுற்று அறுபடும்.

கடைசியாக, பயத்தின் குரல். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஆபத்து எதற்கு, குட்டியைப் பாசாரில் விட்டுவிடலாமே? 1952இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பால் பீவரும் அவர் கூட்டாளிகளும், கல்லீரல் வீங்கி இரத்த அணுக்கள் தாறுமாறாகிக் கிடந்த மூன்று குழந்தைகளின் நோய்க்கு டாக்சோகாராக் குஞ்சுகளே காரணம் என்று விளக்கினார்கள். கண்ணுக்குள் புகுந்து பார்வையைக் கெடுப்பதும் உண்டு. இவை உண்மை, இவற்றைச் சிறிதாக்கக் கூடாது. ஆனால் இவை அரியவை, மண்ணை வாயில் போடும் சிறு பிள்ளைகளிடமே கூடுதலாகக் காணப்படுபவை. குட்டியைத் தடவுவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு; மயிரில் ஒட்டியிருக்கும் முட்டைகளில் பெரும்பாலானவை முற்றாதவை. ஆபத்து இருப்பது வாரக் கணக்கில் கிடந்த மண்ணில். குட்டியைத் துரத்தினாலும் அந்த மண் வாசலில்தான் இருக்கும். துரத்தப்பட்ட குட்டியோ மருந்தில்லாமல் வளர்ந்து, பாசாரின் பின்புறத்தில் அதே புழுவை இன்னும் பத்துக் குட்டிகளுக்குக் கொடுக்கும். வீட்டில் வைத்து மருந்து கொடுக்கப்படும் பூனையைவிடத் தெருவுக்குப் பாதுகாப்பான பூனை வேறில்லை.

ஆகவே பிளீச் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். குட்டியின் புதுக்கழிவில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, என்ன ஒட்டுண்ணி என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பூனை இருந்தால் அதையும் கூடவே கொண்டு போங்கள். அடுத்த சோதனையில் கழிவு சுத்தம் என்று வரும்வரை, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தட்டைக் காலி செய்யுங்கள். அந்த வேலையைச் சிறு பிள்ளைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் கொடுக்காதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.